தமிழில் விரைந்து எழுதுவோம்

நம் தமிழ் மாணவர்களுக்குப் பேச்சில் வேகம் குறைவில்லை. பொங்கல் விழா மேடையில் ஏறிவிட்டால், தலைவர் மணியடித்த பிறகும் இறங்க மனம் வருவதில்லை. விடுதி அறையிலே நள்ளிரவு தாண்டியும் நடக்கும் வாதங்களைக் கேட்டவர்கள், தமிழ் தேங்கி நிற்கும் மொழி என்று கனவிலும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அப்படிப் பேசிய நண்பரையே அணுகி, "நீங்கள் சொன்னதை இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள், இதழில் வெளியிடலாம்" என்று கேட்டுப் பாருங்கள். "எழுதவா? நேரமில்லையே!" என்பார். மூன்று வாரம் கழித்துக் கேட்டால், "தொடங்கிவிட்டேன்" என்பார். நாவில் ஆறாக ஓடிய தமிழ், கையில் வந்ததும் சொட்டுச் சொட்டாக வடிகிறது. இது ஏன்?

"தமிழ் எழுதுவதற்கு மெதுவான மொழி. ஆங்கிலத்தில் 26 எழுத்து, தமிழிலோ 247. சொற்கள் முழ நீளம். விரைவு வேண்டுமானால் ஆங்கிலந்தான்" என்பது பலர் கூறும் விடை. இந்த விடையை நம்பித்தான் தமிழில் பேசும் செய்தியையும் கைப்பேசியில் ஆங்கில எழுத்தில் அனுப்புகிறார்கள். சங்கக் கூட்டத்திற்கு வரும் அழைப்புகூடச் சில வேளைகளில் அந்தக் கோலத்தில்தான் வருகிறது. இந்த விடை தவறு என்பது என் கருத்து. தமிழ் மெதுவான மொழியன்று. அதை விரைந்து எழுதும் பழக்கம் நம்மிடையே அருகிவிட்டது. பழகாத கையின் குறையை மொழியின் தலையில் ஏற்றிவிட்டோம்.

இது சிறிய செய்தி என்று எண்ணிவிடலாகாது. ஒரு மொழியில் எண்ணியதை எண்ணிய வேகத்தில் எழுத முடியாவிட்டால், நாளடைவில் அந்த மொழியில் எழுதுவதையே விட்டுவிடுவோம். முதலில் வகுப்புக் குறிப்பு போகும். பிறகு கடிதம் போகும். பிறகு கணக்கும் நாட்குறிப்பும் போகும். எஞ்சுவது வாழ்த்து மடலும் வரவேற்பு வளைவும் மட்டுமே. அன்றாடம் கையாளாத மொழி, நகைப்பெட்டியில் பூட்டி வைத்த அட்டிகை போன்றது. திருவிழாவுக்கு எடுத்து அணியலாம், அதை அணிந்துகொண்டு அடுப்படியில் வேலை செய்ய முடியாது. ஊரிலே இருக்கும் பாட்டியை எண்ணிப் பாருங்கள். அவர் திண்ணையில் அமர்ந்து தமிழ்ச் செய்தித்தாளை வரி விடாமல் படிப்பவர். பேரன் டில்லியிலிருந்து அனுப்பும் செய்தி தமிழாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுத்து ஆங்கிலம். படித்துச் சொல்ல அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தேட வேண்டியிருக்கிறது. விரைவுக்காகச் செய்தோம் என்கிறோம். யாருக்கு விரைவு?

பாட்டியின் துன்பம் மனத்தைத் தொடாதென்றால், நம்முடைய சொந்த நலனையே எடுத்துக்கொள்வோம். முகர்ஜி நகரிலும் பழைய ராஜேந்திர நகரிலும் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் தமிழ் இளைஞர்கள் பலர் உண்டு. அந்த முதன்மைத் தேர்வை எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளுள் எதிலும் எழுதலாம், தமிழிலும் எழுதலாம். பொதுப் பாடத் தாள் ஒன்றில் 20 வினாக்கள். பத்து வினாக்களுக்குத் தலைக்கு 150 சொல்லிலும், பத்து வினாக்களுக்குத் தலைக்கு 250 சொல்லிலும் விடை எழுத வேண்டும். ஆக மொத்தம் 4,000 சொற்கள். கிடைக்கும் நேரமோ மூன்று மணி, அதாவது 180 நிமிடம். வினாவைப் படிக்க ஒரு நொடியும் எண்ணிப் பார்க்க ஒரு நொடியும் செலவிடாமல் எழுதினாலும், நிமிடத்திற்கு 22 சொற்களுக்குமேல் எழுதியாக வேண்டும். வினாத்தாளோ இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே அச்சாகிறது. ஆங்கிலத்தில் படித்து, தமிழில் எண்ணி, தமிழில் எழுத வேண்டும். மற்றவருக்கு இல்லாத ஒரு படி, தமிழில் எழுதுபவருக்கு இருக்கிறது. அந்தப் படியில் இழக்கும் நேரத்தை அவர் கைவிரைவினால்தான் மீட்க வேண்டும். அறிவு இருந்தும் கை ஓடாமல் கடைசி இரண்டு வினாக்களை விட்டுவிட்டு எழுந்து வருவதைப்போன்ற கொடுமை வேறில்லை. வினாத்தாள் தமிழிலும் வேண்டும் என்று கேட்பது நியாயம்; கேட்கத்தான் வேண்டும். ஆனால் அது வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பது நியாயமாகாது.

இனி, தமிழ் மெதுவான மொழிதானா என்று பார்ப்போம்.

நம் முன்னோர் விரைவை இழிவாகக் கருதியவர்கள் அல்லர். புலவர்களை ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்று நால்வகையாகப் பிரித்தபோது, முதலிடம் ஆசுகவிக்கே தந்தார்கள். ஆசு என்பதற்கு விரைவு என்பது பொருள். கேட்ட மாத்திரத்தில் பாடும் ஆற்றலுக்காகவே காளமேகத்தின் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815-1876) பாடல்களை வாயாற் சொல்லிக்கொண்டே போவார். அருகில் அமர்ந்த மாணவர் ஓலையில் எழுதிக்கொண்டே போவர். அந்தக் காட்சியை அவருடைய மாணாக்கரான உ.வே. சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலிலே சொல்லியிருக்கிறார். எழுத்தாணியால் ஓலையைக் கீறி எழுதிய கைகள், செய்யுள் பிறக்கும் வேகத்திற்கு ஈடுகொடுத்தன. பட்டுப்போல் வழுக்கிச் செல்லும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, தமிழ் எழுத வேகம் வரவில்லை என்று நாம் சொன்னால் யார் நம்புவார்?

அந்தக் கைகள் விரைவுக்கு வழியும் கண்டிருந்தன. ஓலையிலே பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. படிப்பவர் இடம் நோக்கிப் புள்ளியை மனத்தால் இட்டுக்கொள்வார். கடைக் கணக்கு எழுதியவர்களோ இன்னும் ஒரு படி மேலே போனார்கள். நாள், மாதம், ஆண்டு, பற்று, வரவு, மேற்படி, ரூபாய் என்னும் ஒவ்வொன்றுக்கும் ஒரே இழுப்பில் முடியும் தனிக்குறி வைத்திருந்தார்கள். ௳, ௴, ௵, ௶, ௷, ௸, ௹ என்னும் அந்தக் குறிகள் பழைய கணக்கேடுகளிலும் பத்திரங்களிலும் காணக் கிடைக்கின்றன. நம் பாட்டனார் கடையிலே இருந்த சுருக்கெழுத்து, பேரனுடைய கல்லூரிக் குறிப்பேட்டில் இல்லை!

எழுத்தும் காலத்திற்கேற்ப மாறியே வந்திருக்கிறது. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடு எழுத்திலே தெளிவாகத் தெரியுமாறு செய்தவர் வீரமாமுனிவர் (1680-1747). ணா, றா, னா, லை, ளை போன்றவற்றுக்கு இருந்த தனி வடிவங்களை விட்டு, எல்லா எழுத்துக்கும் பொதுவான துணையெழுத்தையே போடும் சீர்திருத்தத்தைப் பெரியார் 1935-இல் 'குடியரசு' இதழில் கையாண்டார்; தமிழ்நாட்டரசு 1978-இல் அதை ஏற்றது. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா தமிழுக்குத் தட்டச்சுப் பொறி அமைத்துத் தந்தார். அச்சுக்கோப்பவரின் கைக்கும் தட்டெழுதுபவரின் விரலுக்கும் வேலையைக் குறைக்க வேண்டும் என்னும் கவலை, நம்மவர்க்கு எப்போதும் இருந்திருக்கிறது.

247 எழுத்து என்னும் பூச்சாண்டியையும் பார்த்துவிடுவோம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. கற்க வேண்டியவை இந்த 31தான். எஞ்சிய 216-உம் இவற்றின் கூட்டம். கூட்டலுக்கு விதி தெரிந்துவிட்டால் எழுத்து எத்தனை என்று அஞ்ச வேண்டியதில்லை. இந்த உண்மையை அடிப்படையாகக் கொண்டு அமைந்ததே தமிழ்99 என்னும் விசைப்பலகை. 1999-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டின் பயனாக அது உருவாகி, அதே ஆண்டில் தமிழ்நாட்டரசின் ஏற்பையும் பெற்றது. அதன் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். ஏனெனில் நம்மில் பலர் அதன் பெயரைக் கேட்டிருக்கிறார்களே அன்றி, விரல் வைத்துப் பார்த்ததில்லை.

உயிரெழுத்துகள் எல்லாம் இடக்கைப் பக்கம். மெய்களில் பெரும்பாலானவை வலக்கைப் பக்கம். அடிக்கடி வரும் அ, இ, உ, புள்ளி ஆகியவை இடக்கை விரல்கள் இயல்பாகத் தங்கும் நடுவரிசையில் இருக்கின்றன. க, ப, ம, த ஆகியவை வலக்கையின் நடுவரிசையில் இருக்கின்றன. தமிழ்ச் சொல்லில் மெய்யும் உயிரும் மாறி மாறி வருவதால், வலக்கையும் இடக்கையும் உலக்கை மாற்றிக் குத்தும் இரு பெண்களைப்போல மாறி மாறி வேலை செய்கின்றன. இதைவிட அழகு ஒன்று உண்டு. ஒரே மெய் இரண்டு முறை வந்தாலும், மெல்லினத்தை அடுத்து அதன் இனமான வல்லினம் வந்தாலும், முதல் எழுத்துக்குப் புள்ளியை இயந்திரமே இட்டுக்கொள்ளும். "பந்து" என்று எழுத ப, ந, த, உ என்று நான்கு தட்டு போதும். "வந்தான்" என்பதற்கு வ, ந, த, ஆ, ன, புள்ளி என்று ஆறு. இதையே ஆங்கில எழுத்தில் ஒலி பிறழாமல் எழுத வேண்டுமானால் எட்டுத் தட்டு வேண்டும். ஓலை எழுதியவர் விட்ட புள்ளியை அன்று படிப்பவர் இட்டுக்கொண்டார். இன்று கணினி இட்டுக்கொள்கிறது. இவ்வளவும் இலவசமாகக் கிடைக்கும்போது, தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி, அதைப் பிறகு தமிழாக மாற்றிக்கொள்ளும் சுற்றுவழி எதற்கு? திருச்சியிலிருந்து தஞ்சைக்குப் போக மதுரையில் இறங்கிப் போவானேன்?

நம் ஊர்களிலே பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகளைத் தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் சேர்த்துவிடுவது வழக்கம். லோயர், ஹையர் என்று தேர்வு எழுதிச் சான்றிதழும் வாங்குகிறார்கள். ஆங்கிலத்திலே அந்தப் பயிற்சி பெற்ற மாணவர், விசையைப் பார்க்காமலே தட்டுகிறார். அவரே தமிழ் என்றதும் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடிக் குத்துகிறார். ஆங்கிலத்திற்கு ஆறு மாதம் கொடுத்தவர் தமிழுக்கு ஆறு நாள் கொடுக்கவில்லை. பிறகு இரண்டு மொழியின் வேகத்தையும் ஒப்பிட்டுத் தமிழுக்குத் தோல்வி என்று தீர்ப்பும் கூறிவிடுகிறார். ஓடப் பழகியவனையும் பழகாதவனையும் ஒரே கோட்டில் நிறுத்திப் பந்தயம் வைப்பது அறமாகுமா?

சொற்கள் நீளம் என்னும் குற்றச்சாட்டில் ஓரளவு உண்மை உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சொல்லை எண்ணி வேகத்தை அளப்பது தமிழுக்குப் பொருந்தாது. "வந்தால்" என்னும் ஒரு தமிழ்ச் சொல், ஆங்கிலத்தில் மூன்று சொல் கொண்ட தொடராகும். தட்டச்சு வேகத்தை அளப்பவர்கள்கூட ஐந்து தட்டு ஒரு சொல் என்று வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். மேலும், நம் சொற்கள் நீள்வதற்குப் பாதிக் காரணம் நாமே. "செய்ய வேண்டும்" என்று முடிக்கக்கூடியதை, "செய்யப்பட வேண்டியதாக இருக்கின்றது" என்று எழுதுகிறோம். "படிக்கிறான்" என்றால் போதுமான இடத்தில் "படித்துக்கொண்டிருக்கிறான்" என்கிறோம். "அவர் பேசினார்" என்பதை "அவரால் உரை நிகழ்த்தப்பட்டது" என்கிறோம். இப்படி எழுதினால்தான் எழுத்துக்குக் கனம் வரும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கனம் வருகிறது, மூட்டையைத் தூக்கியவனுக்கு வருவதைப்போன்ற கனம்! நன்னூலார் அழகு பத்து என்று எண்ணத் தொடங்கியபோது முதலில் வைத்தது சுருங்கச் சொல்லலை. சுருங்கச் சொல்பவன் விரைந்தும் சொல்வான். எழுதாமல் விட்ட சொல்லைப்போல விரைவாக எழுதப்படும் சொல் வேறில்லை.

கையின் வேகத்தைப் பற்றி இதுவரை சொன்னேன். ஆனால் கை நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் கையன்று, மனம். ஒரு வரி எழுதுகிறோம். உடனே அதைப் படிக்கிறோம். "இது நன்றாயில்லை" என்று அடிக்கிறோம். மறுபடி எழுதுகிறோம். மறுபடி அடிக்கிறோம். விதை விதைத்த மறுநாளே முளைத்ததா என்று தோண்டிப் பார்க்கும் குழந்தையின் செயல் இது. படைப்பதும் திருத்துவதும் வெவ்வேறு வேலைகள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முயன்றால் இரண்டும் கெடும்.

இதற்கு ஒரு நல்ல சான்று இரஷ்ய எழுத்தாளர் தாஸ்தயேவ்ஸ்கியின் வாழ்க்கையில் இருக்கிறது. 1866-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளுக்குள் ஒரு புதிய நாவல் தராவிட்டால், ஒன்பது ஆண்டுக்கு அவருடைய எழுத்துகளைப் பணம் தராமல் வெளியிடும் உரிமை ஒரு பதிப்பாளருக்குப் போய்விடும். அப்படி ஓர் ஒப்பந்தத்தில் கடன் தொல்லையால் கையெழுத்திட்டிருந்தார். அக்டோபர் பிறந்தும் ஒரு வரி எழுதவில்லை. நண்பர்கள் சொல்லியபடி, சுருக்கெழுத்துக் கற்ற இருபது வயது மாணவி அன்னாவை உதவிக்கு அமர்த்திக்கொண்டார். பகலிலே அவர் சொல்வார். அன்னா சுருக்கெழுத்தில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படியெடுப்பார். மறுநாள் அவர் அதைத் திருத்துவார். 26 நாளில் 'சூதாடி' நாவல் முடிந்தது. கெடுவும் தப்பியது. அடுத்த ஆண்டு அன்னாவை அவர் மணந்துகொண்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுருக்கெழுத்துக் கற்க நம் நண்பர்களுக்கு அது ஒரு தூண்டுதலாகலாம்! ஆனால் நாம் கவனிக்க வேண்டியது மற்றொன்று. சொல்லும்போது அவர் திருத்தவில்லை, திருத்தும்போது சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவே ஓர் இரவு இருந்தது. அந்த இரவுதான் விரைவின் இரகசியம்.

ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிரோலோப் அஞ்சல் துறையில் அலுவல் பார்த்தவர், 47 நாவல்கள் எழுதியவர். விடியற்காலையில் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொல் என்று கணக்கு வைத்து எழுதியதாகத் தம் சுயசரிதையில் கூறுகிறார். கணக்கைப் பாருங்கள்: நிமிடத்திற்கு ஏறத்தாழ 17 சொல். இது யாருடைய கையும் எட்டக்கூடிய வேகமே. டிரோலோப்பின் கை நம் கையைவிட வேகமானதன்று. அது நிற்காத கை, அவ்வளவுதான். நம் கல்கியும் அப்படித்தான். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை மூன்றரை ஆண்டுக் காலம் தொடர்ந்து வெளிவந்தது. வாரம் பிறந்தால் அத்தியாயம் வேண்டும். அச்சகம் காத்திருக்கும்போது, நல்ல வேளை வரட்டும் என்று எழுத்தாளர் காத்திருக்க முடியாது. இதைப் படித்தபின் யாரும் என்னிடம், "மனநிலை சரியில்லை, அதனால் எழுதவில்லை" என்று சொல்ல மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

தமிழ் எழுதுபவருக்கு மட்டும் உரிய தடை ஒன்றும் உண்டு. நாம் பேசும் தமிழ் வேறு, எழுதும் தமிழ் வேறு. "வந்துட்டான்" என்று மனத்திலே தோன்றுகிறது. "வந்துவிட்டான்" என்று கை எழுத வேண்டும். ஒவ்வொரு சொல்லும் சுங்கச்சாவடியில் நின்று வருவதைப்போல, இந்த மாற்றத்திற்காக ஒரு கணம் நின்று வருகிறது. பலருக்கு எழுத அச்சம் தோன்றுவதும் இங்கேதான். "என் தமிழ் பிழையாக இருக்குமோ, ஒற்று மிகுமோ மிகாதோ" என்னும் கவலை பேனாவைப் பிடித்துக்கொள்கிறது. இதற்கு வழி எளிது. முதற்படியை மனம் பேசுகிறபடியே எழுதிவிடுங்கள். கொச்சை வரட்டும், ஒற்று விட்டுப் போகட்டும், வராத சொல்லுக்கு ஒரு கோடு போட்டுவிட்டு மேலே செல்லுங்கள். இரண்டாம் படியிலே இலக்கணத்தை அழைத்து உட்கார வைத்து, அவர் சொல்கிறபடி எல்லாம் திருத்துங்கள். இலக்கணம் மதிப்புக்குரிய விருந்தினர். ஆனால் சமையல் நடக்கும்போதே அவரை அடுப்படிக்குள் அழைத்தால் சோறு வேகாது.

"பதறாத காரியம் சிதறாது" என்று பெரியோர் சொல்லியிருக்கிறார்களே, விரைவு எழுத்தைக் கெடுக்காதா என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. பதற்றம் வேறு, விரைவு வேறு. பதறுபவன் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறான். விரைபவன் நேரே போகிறான். ஆயினும் இந்தக் கேள்வியில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. அதை நாம் ஏற்க வேண்டும். பாரதம் எழுதப்பட்டது பற்றி வழங்கும் கதை உங்களுக்குத் தெரியும். சொல்வது தடைப்படாமல் வந்தால்தான் எழுதுவேன் என்று விநாயகர் நிபந்தனை போட்டாராம். பொருள் விளங்காமல் எதையும் எழுதக் கூடாது என்று வியாசர் எதிர் நிபந்தனை போட்டாராம். எழுதுபவர் எல்லாருக்கும் இந்த இரண்டு நிபந்தனைகளும் உண்டு. முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டு இரண்டாவதை விட்டால், நாம் வெறும் எழுத்தாணி ஆகிவிடுவோம்.

வகுப்பறையில் இதைக் கண்கூடாகக் காணலாம். பேராசிரியர் இருமுவதைத் தவிர மற்றதெல்லாம் சிலருடைய குறிப்பேட்டில் ஏறிவிடும். பேசுபவர் சாதாரணமாக நிமிடத்திற்கு நூற்றுக்கு மேற்பட்ட ஆங்கிலச் சொற்களைப் பேசுகிறார். பேனாவால் அதைத் துரத்திப் பிடிக்க முடியாது. சுருக்கெழுத்து வல்லவர்க்கே அது கைகூடும். 1837-இல் ஐசக் பிட்மன் ஒலியை அடிப்படையாகக் கொண்டு சுருக்கெழுத்தை அமைத்ததே இதற்காகத்தான். தமிழ்ச் சுருக்கெழுத்துக்கும் தமிழ்நாட்டில் அரசுத் தேர்வு நடக்கிறது. ஆனால் மாணவனுக்கு வேண்டியது நீதிமன்றப் பதிவேடு அன்று. 2014-இல் அமெரிக்காவில் முல்லர், ஓப்பன்ஹைமர் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு, மடிக்கணினியில் குறிப்பெடுத்தவர்கள் கேட்டதை அப்படியே தட்டுகிறார்கள் என்றும், கருத்து வினாக்களில் கையால் எழுதியவர்களைவிடப் பின்தங்கினார்கள் என்றும் கூறியது. பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் அந்த முடிவை அவ்வளவு உறுதியாகக் காட்டவில்லை. முடிவு எப்படியிருந்தாலும், கேட்டுப் புரிந்துகொண்டு தன் சொல்லில் மூன்று வரி எழுதுபவன், கேளாமலே முப்பது வரி எழுதுபவனைவிட விரைந்தவன் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த மூன்று வரியையும் தமிழில் எழுதிப் பாருங்கள். புரியாத பாடத்தைத் தாய்மொழியில் எழுத வராது. ஆகவே புரிந்ததா இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

"இவ்வளவு தொல்லை எதற்கு? வாயால் சொன்னால் கைப்பேசியே எழுதிவிடுகிறதே, செயற்கை நுண்ணறிவிடம் தலைப்பைக் கொடுத்தால் கட்டுரையே வந்துவிடுகிறதே" என்று இன்று ஒரு குரல் கேட்கிறது. வாயாற் சொல்லி எழுதச் செய்வது நல்ல வழியே. மகாவித்துவானும் அதைத்தான் செய்தார். ஆனால் அவர் சொன்னது அவர் மனத்தில் பிறந்தது. தலைப்பை மட்டும் தந்து கட்டுரையை வாங்கிக்கொள்வது அப்படிப்பட்டதன்று. அது, நடைப் பயிற்சிக்கு வேலைக்காரனை அனுப்பிவிட்டு வீட்டில் அமர்ந்திருப்பதைப் போன்றது. நடை நடந்துவிட்டது, கால்தான் வலுவடையவில்லை. எழுதும்போதுதான் எண்ணம் உருப்பெறுகிறது. வேறொருவர் எழுதித் தந்தால் காகிதம் நிறையும். தேர்வுக் கூடத்தில் தனியே அமர்ந்திருக்கும்போது கை வெறுமையாகவே இருக்கும்.

ஆகவே நம் சங்கத்திற்கு மூன்று வேண்டுகோள் விடுக்கிறேன். முதலாவது, சங்கத்தின் அழைப்பும் அறிக்கையும் இனித் தமிழ் எழுத்திலேயே வரட்டும். அனுப்புபவருக்கு முதல் வாரம் கடினமாக இருக்கும். இரண்டாம் மாதம் அவரே நம்முள் விரைந்து எழுதுபவர் ஆகிவிடுவார். இரண்டாவது, ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் தமிழ்99 தெரிந்தவர் தெரியாதவருக்குக் கற்றுக்கொடுக்கட்டும். நாளுக்கு இருபது நிமிடம், ஒரு மாதம். இதற்குக் கட்டணமும் வேண்டாம், கட்டடமும் வேண்டாம். மூன்றாவது, பேச்சுப்போட்டி நடத்துகிறோம், பாட்டுப்போட்டி நடத்துகிறோம். விரைவெழுத்துப் போட்டியும் நடத்துவோம். அங்கேயே தலைப்பைக் கொடுத்து, அரை மணிக்குள் கையால் எழுதச் செய்வோம். அடுத்த நாள் அதே தாளைத் திருப்பித் தந்து திருத்தச் செய்வோம். முதல் நாள் எழுத்துக்கு ஒரு பரிசு, திருத்திய எழுத்துக்கு ஒரு பரிசு. இரண்டும் இருவேறு திறமை என்பதை மாணவர்கள் அப்போது தாமே உணர்வார்கள். பரிசு பெற்ற கட்டுரைகளால் இந்த இதழின் பக்கங்களும் நிரம்பும்; ஆசிரியர் குழுவும் நிம்மதியாக உறங்கும்.

மாணவ நண்பர்களே! தமிழைப் போற்றுவதில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லோம். போற்றியது போதும், இனி அதை வேலை வாங்குவோம். இன்று இரவு உறங்குமுன் ஒரு தாளை எடுத்து, கால் மணி நேரம், அடிக்காமல் நிற்காமல் தமிழில் எழுதுங்கள். எதை எழுதுவது என்று தெரியாவிட்டால், ஊருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். படிக்க அங்கே ஒருவர் காத்திருக்கிறார்.